எட்டு நாள் தேர்வு: கேம்பிரிட்ஜ் டிரைபாஸும் படித்து ஓய்ந்த மாணவர்களும்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1909ஆம் ஆண்டு வரை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கணிதத்தில் சிறப்புப் பட்டம் பெறுவோரை முதல்வர் முதல் கடையர் வரை ஒருவர்பின் ஒருவராக நிறுத்திக் காட்டும் பெயர்ப்பட்டியல் ஒன்றை ஆண்டுதோறும் வெளியிட்டுவந்தது. அந்தப் பட்டியலுக்கு அடிப்படையான தேர்வுக்கு ‘மேதமேட்டிக்கல் டிரைபாஸ்’ என்று பெயர். பழைய வாத அரங்குகளில் ஒருவர் அமர்ந்து பேசிய முக்காலியிலிருந்து அப்பெயர் வந்தது என்பர். முதல் வகுப்பில் தேறியவர்கள் ‘ராங்ளர்’ என்றும், அடுத்த இரு வகுப்பினர் ‘சீனியர் ஆப்டிமே’, ‘ஜூனியர் ஆப்டிமே’ என்றும், அனைவரிலும் முதல்வர் ‘சீனியர் ராங்ளர்’ என்றும் அழைக்கப்பட்டனர்; பட்டியலின் கடைசிப் பெயருக்கு உரியவருக்குச் சக மாணவர்கள் மரக்கரண்டி ஒன்றைப் பரிசளித்துக் கேலி செய்வதும் வழக்கமாக இருந்தது. அளவுக்கு மீறிய படிப்பினால் உடலும் மனமும் ஓய்ந்து, கற்ற பொருளின்மீதே வெறுப்புத் தோன்றி, ‘நம்மால் ஆகாது’ என்ற எண்ணம் ஊன்றிவிடும் நிலையை இன்று ‘பர்ன்அவுட்’ என்கிறார்கள். 1974இல் நியூயார்க் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் தொண்டுப் பணியாளர்களின் சோர்வைக் குறிக்க எடுத்தாண்ட அந்தச் சொல் பின்னர் மாணவர்களுக்கும் பொருத்திப் பேசப்பட்டது. சொல் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே அந்த நிலை எவ்வாறு உண்டாக்கப்பட்டது, அதற்கு யார்மீது பழி போடப்பட்டது என்பதை, கடிதங்களும் நாட்குறிப்புகளும் தன்வரலாறுகளும் மிகுதியாக எஞ்சியுள்ள கேம்பிரிட்ஜின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

தொடக்கத்தில் இந்தத் தேர்வு எழுத்துத் தேர்வாக இருக்கவில்லை. பட்டம் நாடும் மாணவர் லத்தீன் மொழியில் ஒரு கருத்தை நிறுவ, வேறு சிலர் அதை மறுத்துப் பேச, நடுவர் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் முறையே நெடுங்காலம் நிலவியது. 1730இல் திறக்கப்பட்ட செனட் ஹவுஸ் என்னும் மண்டபத்தில் நடந்த தேர்வு அந்த வாதமுறையைப் படிப்படியாகப் பின்னுக்குத் தள்ளியது. நூற்றாண்டின் இறுதிக்குள் விடைகள் தாளில் எழுதப்பட்டன, கேள்விகள் மட்டும் தேர்வாளரால் வாசித்துச் சொல்லப்பட்டுவந்தன, 1820களின் பிற்பகுதியில் வினாத்தாளும் அச்சுக்கு வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியே மதிப்பெண் இடலாம் என்ற யோசனையை 1790களில் முன்வைத்தவர் வில்லியம் ஃபாரிஷ் என்று சொல்லப்படுகிறது. செல்வாக்கும் சிபாரிசும் வாய்மொழித் தேர்வில் எளிதில் நுழைந்துவிடும் என்பதால், இம்மாற்றங்கள் நடுநிலையை நாடிச் செய்யப்பட்டவை என்றே கொள்ளலாம். ஆயினும் அவற்றுக்கு எவரும் திட்டமிடாத ஒரு பின்விளைவு இருந்தது. வாதத்தைக் கேட்ட நடுவர் இருவருள் வல்லவர் யார் என்று சொல்ல முடியுமே தவிர, இருபத்துமூன்றாமவரையும் இருபத்துநான்காமவரையும் பிரித்துக் காட்ட முடியாது; கூட்டிப் போட்ட மதிப்பெண்ணுக்கு அந்தத் திறன் இருந்தது, அந்தத் திறன் வந்தபின் அதைப் பயன்படுத்தாமலிருக்கவும் யாருக்கும் மனம் வரவில்லை.

தேர்வின் நீளமும் இதையொட்டியே வளர்ந்தது. 1848 முதல் அது எட்டு நாள் தேர்வாயிற்று: எளிய பகுதிகளுக்கு மூன்று நாள், பின்னர் ஓர் இடைவெளி, அதன்பின் கடினமான பகுதிகளுக்கு ஐந்து நாள், நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரம். மூன்று ஆண்டும் ஒரு பருவமும் படித்த படிப்பெல்லாம் நான்காம் ஆண்டின் ஜனவரி மாதத்து அந்தச் சில நாள்களில் அளக்கப்பட்டது. கணப்பு இல்லாத செனட் ஹவுஸில் மைக்கூட்டில் மை உறைந்துபோன ஆண்டுகளும் உண்டு என்று பழைய குறிப்புகள் கூறுகின்றன. இன்னும் முக்கியமானது, வினாத்தாளின் அளவு. பிரான்சிஸ் கால்டன் 1869இல் வெளியிட்ட நூலில் ஓர் ஆண்டின் கணக்கைத் தருகிறார்: பெறக்கூடிய மொத்த மதிப்பெண் 17,000, சீனியர் ராங்ளர் பெற்றது 7,634, இரண்டாம் இடத்தவர் பெற்றது 4,123, சிறப்புப் பட்டியலில் கடைசியாக இடம்பெற்றவர் பெற்றது 237. முதல்வரே பாதியைத் தொடாத தேர்வு அது. எவராலும் முடிக்க முடியாதபடி கேள்விகளைக் குவித்தால்தான் வேகமும் நினைவாற்றலும் ஒருவரையொருவர் முந்துவதற்கு இடமிருக்கும். அப்படிப்பட்ட தேர்வுக்குத் தயாராகும் மாணவருக்கு ‘இவ்வளவு படித்தது போதும்’ என்று நூலை மூடிவைக்கும் எல்லை எதுவும் இருக்கவில்லை. பாடத்தின் கடினத்தைக் காட்டிலும் இந்த எல்லையின்மையே மாணவர்களை ஓயவைத்தது என்று கருத இடமுண்டு.

பட்டியலில் ஓரிடம் ஏறுவதும் இறங்குவதும் வெறும் புகழின்பாற்பட்டவை அல்ல. முன்னிலை ராங்ளர்களுக்குக் கல்லூரியின் ‘ஃபெலோஷிப்’, அதாவது மணம் செய்துகொள்ளாதவரை பெரும்பாலும் தொடர்ந்து கிடைக்கும் ஊதியமும் உறைவிடமும், ஏறத்தாழ உறுதியாயிருந்தது. அதிலிருந்து திருச்சபைப் பதவி, நீதித்துறை, பேராசிரியப் பணி ஆகியவற்றுக்கு வழி பிறந்தது. வறிய குடும்பத்து மாணவருக்கு அந்த ஒரு வாரம் மீதி வாழ்நாளையே தீர்மானிக்கும் வாரமாக இருந்தது; 1821இல் சீனியர் ராங்ளரான சாலமன் அட்கின்சன், கேம்பிரிட்ஜில் ஏழை மாணவன் படும் பாடுகளைப் பற்றி 1825இல் லண்டன் இதழ் ஒன்றில் கசப்போடு எழுதிய கட்டுரை அக்காலத்தில் கவனம் பெற்றது. கணிதத்தில் நாட்டமில்லாதவருக்கும் தப்பிக்க வழியில்லை, ஏனெனில் 1824இல் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கெனத் தனி டிரைபாஸ் தொடங்கிய பின்னும், அதை எழுத விரும்புவோர் முதலில் கணிதச் சிறப்புப் பட்டியலில் இடம்பெற்றாக வேண்டும் என்ற விதி ஏறத்தாழ நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இருந்தது. 1822இல் கணிதத்தால் அந்தப் பட்டியலில் இடம் தவறியவர்களுள் ஒருவர், பின்னாளில் இந்தியக் கல்விக் கொள்கையோடு பெயர் பிணைந்துவிட்ட தாமஸ் பாபிங்டன் மெக்காலே. இந்திய சிவில் சர்வீசுக்கு ஆள் எடுப்பதைப் போட்டித் தேர்வாக ஆக்கவேண்டும் என்று பரிந்துரைத்த 1854ஆம் ஆண்டுக் குழுவின் தலைவர் அவரே. மதிப்பெண் வரிசையால் அடிபட்டவர்கள் அதன் எதிரிகளாக மாறுவதைவிட அதன் காவலர்களாக மாறுவதே மிகுதி என்பதற்கு இந்த வரலாற்றில் அவர் ஒருவர் மட்டும் சான்று அல்லர்.

கல்லூரி விரிவுரைகள் இந்தத் தேர்வுக்குப் போதவில்லை. ஆகவே ‘கோச்’ எனப்பட்ட தனிப் பயிற்றுநர்கள் தோன்றினார்கள். பல்கலைக்கழகத்தில் பெரிய பதவி எதுவும் இல்லாமலே, அதன் உண்மையான கணித ஆசிரியர்களாக விளங்கியவர்கள் இவர்கள்தாம். 1827இல் ஏழாம் ராங்ளராகத் தேறிய வில்லியம் ஹாப்கின்ஸ், 1849 வாக்கில் கணக்கிட்டபோது அவரிடம் பயின்றவர்களுள் ஏறத்தாழ 200 பேர் ராங்ளர்கள், 17 பேர் சீனியர் ராங்ளர்கள், 44 பேர் முதல் மூன்று இடங்களுள் ஒன்றைப் பெற்றவர்கள். அவருடைய மாணவரும் 1854இல் சீனியர் ராங்ளருமான எட்வர்ட் ஜான் ரௌத் அந்த எண்ணிக்கையையும் தாண்டி 27 சீனியர் ராங்ளர்களை உருவாக்கினார். ரௌத்தின் முறையில் மேதைமைக்கு இடமிருந்ததைவிட ஒழுங்குக்கு இடம் அதிகம்: மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, குறித்த மணியில் தொடங்கிக் குறித்த மணியில் முடியும் வகுப்புகளில் அமர்ந்தார்கள், அவர் எழுதிவைத்த குறிப்புகளைப் படியெடுத்தார்கள், கோடை விடுமுறையிலும் பயிற்சி தொடர்ந்தது. வாரந்தோறும் எல்லாருக்கும் பொதுவான கணக்குத்தாள் ஒன்று தரப்பட்டது, அதன் மதிப்பெண்கள் எல்லாரும் பார்க்கும்படி வரிசையாக வைக்கப்பட்டன. மூன்றாண்டு முடிவில் ஒருமுறை நேரவேண்டிய தரவரிசை இவ்வாறு வாரம் ஒருமுறை நேர்வதாயிற்று. ரௌத் கனிவானவர், பொறுமையானவர் என்றே மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவருடைய முறையின் கடுமை அவருடைய குணத்திலிருந்து வந்ததன்று.

இந்தப் பயிற்சியால் ஓய்ந்தவர்களுள் மிகத் தெளிவான சாட்சியை விட்டுச்சென்றவர் கால்டனே. 1840இல் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்த அவர், படிக்கையில் தூக்கம் வராமலிருக்கத் தலைமேல் புனல் வழியாக நீர் சொட்டும் கருவி ஒன்றைச் செய்து, பணியாள் கால்மணிக்கு ஒருமுறை அதில் நீர் நிரப்பும்படி ஏற்பாடு செய்துகொண்டார். விளையாட்டுப்போல் தோன்றும் இந்தக் கருவி, அக்காலத்தில் தலையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டும் கடுந்தேநீர் குடித்துக்கொண்டும் இரவைக் கழித்த மாணவர் கூட்டத்தின் இயல்பான கண்டுபிடிப்பு. ஹாப்கின்ஸிடம் பயின்றுகொண்டிருந்த மூன்றாம் ஆண்டில் கால்டனின் உடல் தளர்ந்தது. நாடித் துடிப்பு ஒழுங்கு கெட்டது, தலைக்குள் ஏதோ ஓயாமல் அரைபட்டுக்கொண்டே இருப்பதாக உணர்ந்தார், விடாது வரும் எண்ணங்களை விலக்க இயலவில்லை, சில வேளைகளில் அச்சிட்ட பக்கத்தைப் பார்ப்பதே துன்பமாயிற்று. சிறப்புத் தேர்வை எழுதாமலே சாதாரணப் பட்டத்தோடு அவர் வெளியேறினார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின், மேதைமை பரம்பரையாக வருவது என்று நிறுவ அவர் எழுதிய நூலில், மனிதரின் அறிவுத்திறன் எவ்வளவு ஏற்றத்தாழ்வு உடையது என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டது மேலே கண்ட அந்த 7,634க்கும் 237க்கும் இடைப்பட்ட தொலைவையே. மாணவன் தன் எல்லையை உணர்ந்து அடங்குவதே இயல்பு என்ற பொருள்பட அவர் அங்கே எழுதியிருப்பதைத் தன்வரலாற்றுப் பக்கங்களோடு சேர்த்துப் படிக்கும் எவருக்கும், தமக்கு நேர்ந்ததை ஒரு தேர்வுமுறையின் விளைவாகக் காணாமல் இயற்கை விதித்த வரம்பாகவே அவர் கண்டார் என்பது விளங்கும். இனமேம்பாட்டியல் என்ற பெயரில் பின்னர் உலகெங்கும் கேடு விளைத்த கொள்கை அந்த மனப்போக்கிலிருந்து கிளைத்தது என்பது வேறொரு கட்டுரைக்கு உரியது.

ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் வேறு வகையான மாணவர். 1850இல் கேம்பிரிட்ஜுக்கு வந்த அவர், தொடக்கத்தில் தூக்கத்தையும் உடற்பயிற்சியையும் தம் விருப்பப்படி மாற்றியமைத்துச் சோதனை செய்தார். அதிகாலை இரண்டு மணிக்கு விடுதியின் நடைவழிகளிலும் படிக்கட்டுகளிலும் அரைமணி நேரம் ஓடியபோது, தூக்கம் கெட்ட அண்டை அறையினர் கதவிடுக்கில் காத்திருந்து காலணிகளையும் தலைவாரும் தூரிகைகளையும் அவர்மேல் எறிந்ததாக அவருடைய வாழ்க்கை வரலாற்று நூல் கூறுகிறது. 1853ஆம் ஆண்டுக் கோடையில், கல்லூரித் தேர்வை முடித்துக்கொண்டு சஃபக் பகுதியில் ஒரு பாதிரியார் இல்லத்தில் தங்கியிருந்தபோது, அக்கால மருத்துவம் ‘மூளைக் காய்ச்சல்’ என்று பெயரிட்ட நோயில் அவர் விழுந்தார். கிருமியால் வரும் நோய்களும் நரம்புத் தளர்ச்சியும் கடுஞ்சோர்வும் பகுக்கப்படாமல் ஒருங்கே கிடந்த பெயர் அது. ஒரு மாதத்துக்கும் மேல் படுக்கையில் கிடந்து எழுந்த அவர், ஆறு மாதம் கழித்து நடந்த தேர்வில் ரௌத்துக்கு அடுத்து இரண்டாம் ராங்ளரானார். மின்காந்தவியலின் சமன்பாடுகளை உலகுக்குத் தந்தவர் இரண்டாமவராகவும் அவற்றுக்கு ஒப்பான ஒன்றையும் தராதவர் முதல்வராகவும் நிற்கும் 1854ஆம் ஆண்டுப் பட்டியலைத் தேர்வின் எதிர்ப்பாளர்கள் பின்னர் அடிக்கடி எடுத்துக்காட்டினார்கள். ரௌத்தும் சிறந்த இயக்கவியல் அறிஞரே என்பதால் அந்த வாதம் முழுதும் நேர்மையானதன்று.

முதலிடம் பெற்றவர்களும் தப்பவில்லை. 1840இன் சீனியர் ராங்ளர் ராபர்ட் லெஸ்லி எல்லிஸ் அந்தப் பயிற்சியின்மீது தமக்கிருந்த வெறுப்பை நாட்குறிப்பில் பதிந்துவைத்தார். 1859இன் சீனியர் ராங்ளரும் பின்னாளில் புகழ்பெற்ற பள்ளித் தலைமையாசிரியருமான ஜேம்ஸ் மாரிஸ் வில்சன், தேர்வு முடிந்தவுடன் நரம்புத் தளர்ச்சியால் வீழ்ந்து, குணமடைந்து எழுந்தபோது தாம் கற்ற உயர்கணிதம் முழுவதும் நினைவிலிருந்து அகன்றுவிட்டிருந்ததைக் கண்டார். டிரினிட்டி ஹால் கல்லூரி முதலிடம் எதிர்பார்த்த ஹென்றி ஃபாஸெட், 1856ஆம் ஆண்டுத் தேர்வு நாள்களில் தூக்கம் பிடிக்காமல், உடலைக் களைப்பாக்கினாலாவது தூங்கலாம் என்று நள்ளிரவில் எழுந்து கல்லூரி முற்றத்தைச் சுற்றி ஓடியும் பயனின்றி ஏழாம் இடத்துக்கு இறங்கினார். இரண்டே ஆண்டுகளில் வேட்டை விபத்தொன்றில் இரு கண்ணையும் இழந்து, அதன்பின் பேராசிரியராகவும் பிரித்தானிய அஞ்சல்துறை அமைச்சராகவும் உயர்ந்த அஞ்சா நெஞ்சினர் அவர். அத்தகையவரின் உறுதி ஒருமுறை குலைந்தது என்றால் அது தேர்வு மண்டபத்தில்தான் என்று அவருடைய நண்பரும் வரலாற்றாசிரியருமான லெஸ்லி ஸ்டீஃபன் குறிப்பிடுகிறார்.

இத்தனையும் எல்லாரும் அறிந்தவை. அப்படியானால் மாற்று என்னவென்று தேடியபோது, கேம்பிரிட்ஜ் தேர்வைத் திருத்த முனையாமல் மாணவரின் உடலைத் திருத்த முனைந்தது. பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை புத்தகத்தைத் தொடாமல் விரைந்து நடப்பதும், கேம் ஆற்றில் படகு வலிப்பதும் கடும் படிப்பாளிகளிடையே ஏறத்தாழக் கடமையாயின. 1840களில் அங்குப் பயின்ற அமெரிக்கர் சார்லஸ் ஆஸ்டர் பிரிஸ்டட், அந்த இரண்டு மணி நேரத்தில் நகரைச் சுற்றிய சாலைகளெல்லாம் நடக்கும் மாணவர்களால் நிறைந்திருந்ததை வியப்போடு விவரிக்கிறார். பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன், 1845இல் இரண்டாம் ராங்ளர் ஆவதற்குமுன் ஒற்றைப் படகுப் போட்டியொன்றில் வெற்றி பெற்றிருந்தார். ஆண்ட்ரூ வார்விக் என்ற வரலாற்றாய்வாளர் காட்டியிருப்பதுபோல், ஆங்கிலப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுப் பற்று படிப்புக்கு எதிராக வளரவில்லை. படிப்பைத் தாங்கும் உடலை ஆயத்தம் செய்யும் பயிற்சியாக, அதன் தோளில் கைபோட்டே வளர்ந்தது. அளவாகத் தூங்கி, அளவாக உண்டு, குறித்த மணிக்கு நடந்து, குறித்த மணிக்குப் படிப்பவனே நல்ல மாணவன் என்ற ஒழுக்கம் அங்கிருந்து பரவியது. அதன் மறுபக்கம், தளர்ந்து வீழ்ந்தவன் தன்னைப் பேணத் தெரியாதவன் என்ற தீர்ப்பு. அறிவுரையாக வந்த ஒன்று குற்றச்சாட்டாக மாறுவதற்கு அதிக காலம் பிடிக்கவில்லை.

மருத்துவர்கள் கவலைப்பட்ட விதமும் நோக்கத்தக்கது. 1867இல் எஃப். சி. ஸ்கே என்ற அறுவை மருத்துவர், படகுப் போட்டி இளைஞர்களின் உடல்நலத்தைக் கெடுக்கிறது என்று டைம்ஸ் இதழுக்கு எழுதினார். அதற்கு விடை காண ஜான் மார்கன் என்ற மருத்துவர், 1829 முதல் 1869 வரை ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் அணிகளில் படகு வலித்தவர்களின் பின்னாளைய ஆயுளையும் உடல்நலத்தையும் ஒவ்வொருவராக விசாரித்து, அவர்கள் மற்றவரைவிட நீண்டநாள் வாழ்ந்தார்கள் என்று 1873இல் நூலாக வெளியிட்டார். ஆற்றில் சில நிமிடங்கள் நீடிக்கும் போட்டிக்கு இத்தகைய விரிவான விசாரணை நடந்த அதே காலத்தில், எட்டு நாள் நீடித்த தேர்வு தனி மனிதர்களின் நாட்குறிப்புகளிலும் வீட்டுக் கடிதங்களிலும் மட்டுமே விசாரிக்கப்பட்டது.

பெண்கள் தேர்வெழுத வந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. 1873இல் பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் கிளார்க்கும், அவரையொட்டி 1874இல் லண்டன் மனநல மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லியும், ஆண்களுக்குச் சமமாகப் படிக்கும் பெண்களின் உடல் நிலைகுலையும், தாய்மைத் திறன் கெடும் என்று எழுதினார்கள். இங்கிலாந்தில் மருத்துவராகத் தகுதிபெற்ற முன்னோடிப் பெண்களுள் ஒருவரான எலிசபெத் காரெட் ஆண்டர்சன், வேலையற்ற வீட்டுச் சலிப்பே இளம்பெண்களைப் படிப்பைவிட அதிகமாக நோயாளிகளாக்குகிறது என்று அதே ஆண்டில் மறுமொழி தந்தார். 1880இல் கிர்ட்டன் கல்லூரி மாணவி சார்லட் ஆங்கஸ் ஸ்காட், அதிகாரப்பூர்வமற்ற முறையில் தேர்வெழுதி எட்டாம் ராங்ளருக்கு இணையான இடம் பெற்றார். மறு ஆண்டு பெண்களுக்குத் தேர்வு முறையாகத் திறந்துவிடப்பட்டது, பட்டம் மட்டும் 1948 வரை தரப்படவில்லை. நியூனம் கல்லூரியைச் சேர்ந்த எலினார் சிட்ஜ்விக், கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பயின்ற பெண்களின் உடல்நலத்தைப் பல்கலைக்கழகம் செல்லாத அவர்களுடைய சகோதரிகளின் உடல்நலத்தோடு ஒப்பிட்டு, படிப்பினால் கேடு விளைந்ததற்குச் சான்றில்லை என்று 1890இல் புள்ளிவிவரத்தோடு வெளியிட்டார். ஒரே குடும்பத்தில் ஒரே வளர்ப்பில் வளர்ந்தவர்களைத் தேர்ந்து ஒப்பிட்ட அந்த முறையின் நுட்பம் இன்றைய ஆய்வாளரும் மதிக்கத்தக்கது. முன்பு தூக்கமின்றிக் கல்லூரி முற்றத்தில் ஓடிய ஹென்றி ஃபாஸெட்டின் மகள் ஃபிலிப்பா, அதே 1890இல் ‘சீனியர் ராங்ளருக்கு மேல்’ என்று அறிவிக்கப்பட்டார். பெண்களின் பெயர் ஆண்களின் பட்டியலோடு சேர்க்கப்படாமல் தனியே வாசிக்கப்பட்டதால், முதலிடத்துக்கும் மேலான அந்த விசித்திர இடத்தை அறிவிக்க வேண்டிவந்தது. ஆண் மாணவர் தளர்ந்தால் தனி மனிதரின் பலவீனம், பெண் தளர்ந்தால் பெண்ணினத்தின் பலவீனம் என்ற இரட்டை அளவுகோல் அந்த ஒரு வாசிப்பால் உடைந்துவிடவில்லை; ஆனால் அதைப் பொது மேடையில் சொல்வது முன்னைவிடக் கடினமாயிற்று.

பழைய தேர்வுக்கு வக்காலத்து வாங்கியவர்களும் அற்பர்கள் அல்லர். 1879இல் மூன்றாம் ராங்ளரான புள்ளியியலாளர் கார்ல் பியர்சன், எந்தக் கணக்கையும் எதிர்கொள்ளும் துணிவை அந்தப் பயிற்சி தந்தது என்று முதுமையில் நன்றியோடு எழுதினார். மறுபுறம், 1893இல் ஏழாம் ராங்ளரான பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், தேர்வு முடிந்ததும் தம் கணித நூல்களையெல்லாம் விற்றுவிட்டு இனி இந்தப் பக்கமே திரும்புவதில்லை என்று உறுதிபூண்டதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். கணிதத்தின் அடித்தளத்தையே ஆராயப் பிறந்தவரைக் கணிதத்தை வெறுக்கச் செய்ததைவிட ஒரு கணிதத் தேர்வுக்குப் பெரிய தோல்வி இருக்க முடியாது. 1898இல் நான்காம் இடம் பெற்ற ஜி. எச். ஹார்டி, பயிற்சியின் இயந்திரத்தன்மையைப் பொறுக்காமல் வரலாற்றுப் பாடத்துக்கு மாறிவிடவும் எண்ணியவர். பிரெஞ்சு அறிஞர் ஜோர்டானின் பகுப்பாய்வு நூலைப் படித்தபின்பே கணிதம் என்பது என்னவென்று தமக்குப் புரிந்ததாக அவர் சொல்வது, மூன்றாண்டுப் பயிற்சியில் அது புரியவில்லை என்று ஒப்புக்கொள்வதும் ஆகும். ஐரோப்பாவில் கணிதம் வேறு திசையில் நெடுந்தொலைவு சென்றுவிட்டிருக்க, பழைய கணக்குகளை விரைந்து போடுவதிலேயே இங்கிலாந்து தங்கிவிட்டது என்ற ஹார்டி, ஃபோர்சைத், ஹாப்சன் ஆகிய கணித அறிஞர்களின் வாதமே இறுதியில் வென்றது. 1907இல் பல்கலைக்கழகம் தரவரிசையைக் கைவிடத் தீர்மானித்தது. 1909 ஜூனில் வெளியான கடைசி வரிசையில் பெர்சி ஜான் டேனியல் முதலிடம் பெற்றார். அத்தோடு தனிப் பயிற்றுநர்களின் தொழிலும் விரைவில் நலிந்துபோனது. ஓய்ந்துபோன மாணவர்களுக்காக அன்றி, பின்தங்கிப்போன பாடத்துக்காகவே அந்தப் பட்டியல் நீக்கப்பட்டது.

இந்தத் தேர்வின் நிழல் இந்தியாவிலும் விழுந்தது. 1874இல் ஆனந்த மோகன் போஸ் முதல் இந்திய ராங்ளரானார், 1899இல் ஆர். பி. பராஞ்சபே சீனியர் ராங்ளர் இடத்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டபின், ‘ராங்ளர்’ என்பது மராத்தி நாட்டில் அவர் பெயரின் முன்னொட்டாகவே நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டோடு உள்ள தொடர்பு இன்னும் விந்தையானது. லண்டனில் தேர்வு மாணவர்களுக்குப் பயிற்சியளித்துவந்தவரும், ஏறத்தாழ நாற்பது வயதில் கேம்பிரிட்ஜில் சேர்ந்து 1880இல் சீனியர் ஆப்டிமே வகுப்பில் தேறியவருமான ஜி. எஸ். கார், தம் பயிற்சிக் குறிப்புகளிலிருந்து ஆயிரக்கணக்கான கணித முடிவுகளை நிரூபணம் சுருக்கி எண்வரிசையில் தொகுத்து வெளியிட்டார். தேர்வுக்கு முன் விரைந்து புரட்டுவதற்கு ஏற்ற அந்தத் தொகுப்பு 1903 வாக்கில் கும்பகோணத்தில் பள்ளி மாணவராயிருந்த சீனிவாச ராமானுஜன் கைக்கு வந்தது. நினைவில் ஏற்றுவதற்கென்று சுருக்கப்பட்டவற்றை அவர் ஒவ்வொன்றாகத் தாமே நிறுவிப் பார்த்தார். அதில் மூழ்கி ஆங்கிலம் முதலிய பிற பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார், பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்று எஃப். ஏ. எனப்பட்ட இடைநிலைத் தேர்வில் 1907இல் தவறினார். லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் விதிகளில், ஒரு பாடத்தில் தவறியவரை மற்றொரு பாடத்தின் பேராற்றலுக்காக ஏற்றுக்கொள்ள இடமில்லை.

1914 தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு விரிவுரையாற்ற வந்து, ராமானுஜனைச் சந்தித்து, இங்கிலாந்து செல்ல இசையவைத்த ஈ. எச். நெவில், 1909ஆம் ஆண்டின் அந்தக் கடைசிப் பட்டியலில் இரண்டாம் ராங்ளர். அவர் இசையவைத்த ராமானுஜன் டிரைபாஸ் எழுதவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரையைக் கொண்டு 1916இல் பட்டம் பெற்றார். தேர்வெழுதாமல் ஆய்வால் பட்டம் பெறும் அந்த வழி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் கேம்பிரிட்ஜில் திறக்கப்பட்டிருந்தது. ஹார்டியோ வரிசையை நீக்கியதோடு மனநிறைவு கொள்ளவில்லை. 1926இல் கணிதச் சங்கத்தின் தலைவராக ஆற்றிய உரையில், டிரைபாஸைச் சீர்திருத்துவதில் பயனில்லை, அதை ஒழிப்பதே தக்கது என்று வாதிட்டார். அதை யாரும் ஏற்கவில்லை, தேர்வு இன்றும் நடக்கிறது. 1909க்குப்பின் ஒவ்வொரு வகுப்பிலும் பெயர்கள் அகரவரிசையில் மட்டுமே அச்சாயின. ஆனால் செனட் ஹவுஸ் மாடத்திலிருந்து தேர்வாளர் முடிவுகளை வாசிக்கும்போது, யாருடைய பெயர் வருகையில் அவர் தம் தொப்பியைச் சற்று உயர்த்துகிறாரோ அவரே முதல்வர் என்று கீழே நிற்கும் மாணவர்கள் அறிந்துகொள்ளும் வழக்கம் அதன்பின்னும் நெடுங்காலம் நீடித்தது.